ஒரு விரல் ஆழம்

நாலுமுக்கு எஸ்டேட்
12.10.1992

மகள் பேச்சித்தாய்க்கு அப்பன் பூதத்தான் சொல்லி எழுதுவது.

மாசி மாதம் கும்பகோணத்து மகாமகக் குளத்தில் ஆட்கள் மிதிபட்டுச் செத்த வருஷம் இது. ஆனியில் ஒற்றை யானை வந்து எங்கள் எட்டாம் லைன் வீடுகளின் கூரையைப் பிரித்தது. புரட்டாசி பத்தொன்பதாம் தேதி உன் வயிற்றைக் கிழித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் முடிந்து வைத்துக்கொள்ள முடியும். "முதல்ல சொகத்த விசாரியும்வே, பொறவு யானையக் கூப்பிடலாம்" என்கிறார் எனக்காக எழுதுகிற ஸ்டோர் கணக்கப்பிள்ளை சாலமோன்.

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நானும் உன் சித்தப்பா மகன் செந்தில்முருகன் வீட்டாரும் நன்றாக இருக்கிறோம். அவன் வீட்டில் எனக்கு ஒரு மூலை, வேளைக்குச் சோறு, குறை ஒன்றுமில்லை. முழங்கால்தான் மலையிறங்க விடமாட்டேன் என்கிறது.

மாப்பிள்ளை இசக்கிமுத்து எழுதின கடிதத்தை சாலமோன் மூன்று தரம் வாசித்தார். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது, கழுவித் தைத்தார்கள், ஏழு தையல் என்று இருந்தது. வெடித்தது என்ற இடம் வரும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

தையல் போட்ட இடம் என்ன நிறத்தில் இருக்கிறது? மாப்பிள்ளை அதை எழுதவில்லை. நீயே எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

சம்பந்தி அம்மாளையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லவும்.

இடது பெருவிரல் ரேகை,
பூதத்தான்

*

பேட்டை
19.10.1992

அப்பாவுக்கு மகள் பேச்சித்தாய் வணங்கி எழுதுவது. உங்கள் மருமகனும் அத்தையும் சுகம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் போடுகிறீர்களா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். நிறம் கேட்டிருந்தீர்கள். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் கீழே உள்ள மூன்று தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுட்டது. குளிர் வந்து கட்டிலே ஆடியது. டாக்டரம்மா அந்த மூன்று தையலையும் வெட்டினார். சீழ் வந்தது அப்பா. அப்புறம் தைக்கவே இல்லை. திறந்தபடி விட்டுவிட்டார்கள். இனிப் பிழைக்க மாட்டாள் என்றுதான் தைக்கவில்லை என நினைத்து அழுதேன்.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "தைச்சா சீழு எங்கம்மா போவும்? இது அடியிலேருந்து மேல ஆறி வரணும். மேல முந்தி மூடிச்சின்னா உள்ள பொதிஞ்சிக்கிடும்."

தினமும் காலையில் சிஸ்டர் உப்புத் தண்ணீரால் கழுவி, நாடா மாதிரி வெட்டின காஸ் துணியை உள்ளே திணிக்கிறார். என் சுட்டுவிரல் முழு நீளத்துக்குப் போகிறது. நான் கத்துவதைக் கேட்டு அடுத்த கட்டில்காரி, "ஏளா, எட்டுப் பெத்தவ நானு, இப்படிக் கத்தல" என்றாள். "நீங்க பெத்தது வெளிய வந்துச்சு, இது உள்ளல்லா போவுது" என்றேன். வார்டே சிரித்தது. எனக்குச் சிரித்தாலும் வலிக்கிறது.

வியாழக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். காஸ் வைக்கத் தினமும் வர வேண்டும். ஊசியும் உண்டு. நீங்கள் பயப்படாதீர்கள்.

பேச்சித்தாய்

*

நாலுமுக்கு
26.10.1992

மகள் பேச்சித்தாய்க்கு அப்பன் சொல்வது.

நேற்று இங்கே தீபாவளி நல்லபடியாக நடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். செந்தில்முருகன் வேட்டி எடுத்துத் தந்தான். எல்லோரும் சுகம். மாப்பிள்ளை, சம்பந்தி அம்மாள் சுகத்துக்கு எழுது.

அந்த டாக்டரம்மா சொன்னதை நான் சாலமோனிடம் ஐந்தாறு தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் சொல்கிறபடி செய். ஒரு நாளும் விடாதே. மழையென்று விடாதே, வீட்டில் விருந்தாள் என்று விடாதே. அழுகிற அழுகையை அங்கேயே அழுது முடித்துவிட்டு வா. உனக்காக வேறு யாராவது "பாவம், இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அவர்கள் பேச்சைக் கேட்காதே.

இனி எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் காஸ் எவ்வளவு நீளம் உள்ளே போகிறது என்று எழுத வேண்டும். வேறு எதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இடது பெருவிரல் ரேகை,
பூதத்தான்

எழுதுபவன் குறிப்பு: அம்மா, பெரியவர் நேற்று எண்ணெயும் தேய்க்கவில்லை, குளிக்கவும் இல்லை. பலகாரத்தைத் தொடவில்லை. புது வேட்டி மடித்தபடி கிடக்கிறது. தன் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுதச் சொல்லாததை எழுதுகிறேன், மன்னிக்கவும். - சாலமோன்.

*

பேட்டை
2.11.1992

அப்பாவுக்குப் பேச்சித்தாய் வணங்கி எழுதுவது. இங்கு மூவரும் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டை ஒதுக்காதீர்கள்.

முதலில் நீங்கள் கேட்டது: முந்தாநாள் முக்கால் விரல். இன்றைக்கு அரை விரலுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் சிவப்பாகப் புதுச் சதை வருகிறதாம். "இதான் நல்ல சதை" என்று சிஸ்டர் காட்டினார். நான் பார்க்கவில்லை. காய்ச்சல் இல்லை.

அத்தை என்னைத் தரையில் கால் வைக்க விடுவதில்லை. நான் ஆபரேசனுக்குப் போன அன்றே இசக்கியம்மனுக்கு நேர்ந்துவிட்டாளாம், கோயிலில் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக. ஐப்பசி கடைசிச் செவ்வாய் என்று நாளும் சொல்லியிருக்கிறாள். சீழ் வடிகிற புண்ணோடு கோயிலில் படுக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அத்தைக்கு அந்தக் கவலை. நேர்ச்சை தப்பினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா மலைக்காய்ச்சலில் எத்தனை நாள் கிடந்தாள்? குளிர் நடுக்கம் எப்படி இருந்தது? குளிர் வந்த அன்றைக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. முகமே தெரியாதவளை எப்படி நினைப்பது என்று தெரியாமல் நினைத்தேன்.

பேச்சித்தாய்

*

நாலுமுக்கு
5.11.1992

மகளுக்கு அப்பன் சொல்வது.

எல்லோரும் சுகம். இங்கே மழை பிடித்துவிட்டது. அட்டை ஏறுகிறது. சாலமோனுக்கு ஜலதோஷம்.

அரை விரல் நல்ல செய்தி. இரண்டு வாரத்தில் அரை விரல் நிரம்பினால் மீதி அரை விரலுக்கும் இரண்டு வாரமாவது வேண்டும். அதை மனதில் வைத்துக்கொள்.

சம்பந்தி அம்மாளிடம் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதாகச் சொல். நேர்ச்சையைத் தை மாசத்துக்குத் தள்ளி வைக்கச் சொல். அம்மன் அங்கேயேதான் இருப்பாள். புண்ணை அவசரப்படுத்த வேண்டாம்.

நீ கேட்ட மற்றதை இப்போது எழுதுவதற்கில்லை. மழைச் சத்தத்தில் சாலமோனுக்குக் காது கேட்கவில்லை.

நீளத்தை எழுது.

இடது பெருவிரல் ரேகை,
பூதத்தான்

*

பேட்டை
9.11.1992

அப்பாவுக்குப் பேச்சித்தாய் எழுதுவது. எல்லோரும் சுகம்.

நல்ல செய்தி. புண் மூடிவிட்டது. அத்தை நேர்ச்சையைத் தள்ளி வைக்கச் சம்மதிக்கவில்லை. அம்மனுக்குச் சொன்ன நாளை மாற்றினால் அம்மன் கேட்பாளே என்றாள். மருந்துக்கடையில் வெள்ளைப் பொடி வாங்கித் தூவி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். நாலே நாளில் தோல் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கத்துகிற வேலை இல்லை. நாளைக்குக் கோயில்.

கொஞ்சம் வலிக்கிறது. ஆறுகிற வலிதான் என்கிறாள் அத்தை. மழைக்குக் குளிராக இருக்கிறது.

சந்தோஷமாக இருங்கள்.

பேச்சித்தாய்

*

நாலுமுக்கு
12.11.1992

ஏ பேச்சி, சுகம் விசாரிக்க நேரமில்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. மூடின புண்ணைத் திறக்கச் சொல். மாப்பிள்ளை, இதை வாசிக்கிறது நீங்கள் என்றால் அவளைக் கேட்க வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள்.

நீளம் எழுதவில்லை நீ. அரை விரல் பள்ளம் நாலு நாளில் நிரம்பாது. மேலே தோல்தான் பாலம் போட்டிருக்கிறது, கீழே என்ன கிடக்கிறதோ.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உன் மூன்று இன்லேண்டையும் தரையில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். முதல் இரண்டில் வரி கயிறு கட்டினது போல நேரே போகிறது. இதில் வலப்பக்கம் போகப் போக வரி கீழே இறங்குகிறது. உட்கார்ந்து எழுதின கை இல்லை இது. ஒருக்களித்துப் படுத்து எழுதின கை. சாலமோனிடம் கேட்டேன், "எழுத்து நடுங்கியிருக்கு அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டார். ஆறுகிற புண் உட்காரவிடாமல் செய்யுமா?

உன் அம்மாவுக்கும் இப்படித்தான் மூடியது. அவள் மலைக்காய்ச்சலில் சாகவில்லை.

போ.

இடது பெருவிரல் ரேகை,
பூதத்தான்

*

நாலுமுக்கு
19.11.1992

தம்பி இசக்கிமுத்துவுக்கு, ஸ்டோர் சாலமோன் எழுதுவது. நீங்கள் அனைவரும் பத்திரமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

பெரியவர் பன்னிரண்டாம் தேதி சொன்ன கடிதம் தபாலில் போகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை கீழே வெள்ளம் வந்ததும் மலைப்பாதை மூன்று இடத்தில் சரிந்தது. பஸ் வரவில்லை. தபால் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். பெரியவர் தபால் பைக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பதினான்காம் தேதி விடிந்ததும் எழுந்து, "அந்தக் காயிதத்தத் திருப்பித் தாரும்" என்றார்.

"என்னத்துக்குவே? உமக்கு வாசிக்கவா தெரியும்?"

"கொண்டுபோகத் தெரியும்."

முழங்காலைக் காட்டி நானும் செந்தில்முருகனும் மறித்தோம். கேட்கவில்லை. கடிதத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றி இறங்கிவிட்டார். மணிமுத்தாறுக்கு ஏழு மணி நேர நடை, நல்ல காலுக்கு. கூடப் போன செந்தில்முருகனை, பாதி வழியில், மண் சரிந்த இடம் தாண்டியதும், "பிள்ளைகுட்டிக்காரன் நீ, திரும்பு" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஐந்து நாளாயிற்று. ஆற்றோரத்தில் எத்தனையோ பேர் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறோம்.

இன்றுதான் தபால் இறங்குகிறது. அவர் வந்து சேர்ந்தாரா? தங்கச்சி எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி போதும்.

சாலமோன்

*

பேட்டை
23.11.1992

மதிப்பிற்குரிய சாலமோன் அண்ணாச்சிக்கு இசக்கிமுத்து வணக்கம். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மாமா பதினேழாம் தேதி காலையில் வந்தார். ஆற்றுப் பாலத்தில் ஆளை விடவில்லை என்று கல்லிடைக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். செருப்பு இல்லை. முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. வாசலில் நின்று, "மாப்பிள்ளை, இத வாசியும்" என்று கடிதத்தை நீட்டினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோயிலுக்குப் போய் வந்த மறுநாளிலிருந்தே பேச்சிக்கு விட்டுவிட்டுக் குளிர் காய்ச்சல். நாங்கள் மழைக்காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளத்தில் ஊரே தவித்தபோது ஆஸ்பத்திரி நினைப்பு வரவில்லை. எங்கள் அம்மா, "அம்மன் ஆத்திக் குடுத்திட்டா, இனி அங்க என்ன சோலி?" என்று மறித்தாள்.

"நான் அம்மன ஒண்ணும் சொல்லல மைனி. ஒரு தடவ கட்ட அவுத்துக் காட்டுங்க" என்றார் மாமா.

அவிழ்த்தாள். தோல் அழகாக மூடித்தான் இருந்தது. பளபளவென்று இருந்தது. மாமா புறங்கையை அதன்மேல் வைத்துவிட்டு என் அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு.

ஆஸ்பத்திரியில் தோலைக் கீறியதும் அரை டம்ளருக்கு மேல் சீழ். டாக்டரம்மா எங்களைத் திட்டின திட்டை எழுத முடியாது. வயிற்றுக்குள் இறங்கவில்லை, ரத்தத்தில் கலக்க இருந்தது, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இப்போது பாட்டில் ஏறுகிறது. காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. மறுபடி முழு விரல் காஸ்.

அவள் கத்தும்போது நானும் அம்மாவும் வெளியே ஓடிவிடுகிறோம். மாமா மட்டும் கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறார். கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடாமல் நிற்கிறார். சிஸ்டர் வெளியே போகச் சொன்னாலும் போவதில்லை.

இசக்கிமுத்து

*

பேட்டை
28.12.1992

அப்பாவுக்குப் பேச்சித்தாய் வணங்கி எழுதுவது. பஸ் விட்டதும் மலையேறிவிட்டீர்கள். வீக்கம் வற்றியதா? சாலமோன் அண்ணாச்சிக்கு என் வணக்கம்.

உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வரியைப் பாருங்கள்.

காஸ் முந்தின வாரம் ஒரு நகக்கண் அளவு போனது. சனிக்கிழமை போக இடமில்லை. சிஸ்டர் குச்சியில் பஞ்சு சுற்றி ஒற்றிப் பார்த்துவிட்டு, "இனி வர வேண்டாம், போ" என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தை தினமும் முட்டையும் மீனும் அவித்துத் தருகிறாள். பத்தியம் என்று அவள் ஒதுக்கி வைத்ததெல்லாம் டாக்டரம்மா தின்னச் சொன்னவை. போன செவ்வாய் அத்தை யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய், தன் வயிற்றில் மாவிளக்கை ஏற்றிப் படுத்திருந்தாளாம். பூசாரி வந்து சொன்னார்.

நீங்கள் இங்கே இருந்த மூன்று வாரமும் கேட்க நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. நீங்கள் மடியில் கட்டிக் கொண்டுவந்த கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா மலைக்காய்ச்சலில் சாகவில்லை என்று அதில் இருக்கிறது. முப்பத்தேழு வருஷம் காய்ச்சல் என்றுதானே சொன்னீர்கள். காகிதத்திலாவது சொல்லுங்கள்.

பேச்சித்தாய்

*

நாலுமுக்கு
4.1.1993

மகள் பேச்சித்தாய்க்கு அப்பன் பூதத்தான் சொல்வது. எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிறது. வரியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது.

சாலமோனிடம் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன். அவர் இதுவரை இதைக் கேட்டதில்லை.

மணிமுத்தாறு அணைக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த வருஷம். பங்குனியில் காட்டுத் தீ வந்தது. ஆடியில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது உன் அம்மா மாடத்திக்குக் கத்தி நழுவித் தொடையில் இறங்கியது. எஸ்டேட்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் யோவான் தைக்கவில்லை, அழுக்குக் கத்தி என்று சொல்லித் திறந்து வைத்துக் கழுவி, துணியைத் திணித்தார். தினமும் வீட்டுக்கே வருவார். அவள் அலறுவது அடுத்த லைன் வரைக்கும் கேட்கும். நான் தேயிலைக் காட்டுக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வேன். பதினோராம் நாள் மேலே தோல் கூடிவிட்டது. யோவான் அப்போதும் பெட்டியோடு வந்தார்.

"இன்னும் அடி ஆறல பூதத்தான், விலகு" என்றார்.

"மூடின புண்ண எதுக்குவே கிளறுதீரு? நீரு மனுசனா?" என்று சொல்லிக் கதவை மறித்தது நான்தான். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "வேண்டாம்னு சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். யோவான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம் பேச்சி. அவளும் சிரித்தாள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் குளிர் வந்து, பதிமூன்றாம் நாள் போய்விட்டாள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

அவள் கத்தும்போது பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

யோவானைத் தடுத்த அன்றைக்கு அந்த ஒற்றை அறையில் இருந்தவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். என் ஆத்தாள் வெள்ளையம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அணையில் முதல் தண்ணீர் தேக்கின வருஷம் போனாள். யோவான், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மாசம் நாசரேத்தில். கங்காணி சங்கிலிபூதத்தான், எனக்கு ஒத்துப் பேசினவர், மரம் விழுந்து. செந்தில்முருகனின் அப்பன், என் தம்பி நம்பியான், எஸ்டேட் கிளப்பில் டெலிவிஷன் பெட்டி வந்த வருஷம். மாடத்தி எல்லோருக்கும் முந்தி. நான் ஒருத்தன் கதவடியில்.

மண் சரிந்த மலையில் இறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பெயர்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அந்த அறையில் சேலைத் தொட்டிலில் இன்னும் ஒரு ஆள் படுத்திருந்தது, ஒன்றரை வயது, எங்கள் சிரிப்புச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டது. போனவர்கள் வரிசையில் அந்தப் பெயர் வரும்போது மட்டும் வாயைத் திறக்கப் பயந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன். பேட்டை வரைக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. இன்றைக்கு சாலமோனை எழுதச் சொல்கிறேன்: உயிரோடு இருக்கிறாள், பேச்சித்தாய்.